ஓட்டாஞ்சில்லு சொல்லும் கதை

எங்கள் பக்கம் உடைந்த பானைத் துண்டுக்கு ஓட்டாஞ்சில்லு என்று பேர். பாண்டி ஆட அதைவிட நல்ல சில்லு கிடையாது. கல்லில் உரசி வட்டமாக்கிக் கட்டத்துக்குள் வீசினால் வழுக்காமல் விழுந்த இடத்திலேயே நிற்கும். ஸ்ரீவைகுண்டம், ஏரல் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் அதைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. ஊருக்கு வெளியே பரம்பு என்று சொல்கிற சரளை மேட்டில் ஒரு மழை பெய்து ஓய்ந்தால் போதும், மண்ணுக்குள்ளிருந்து தானாக எட்டிப் பார்க்கும். நானும் அப்படிப் பொறுக்கி விளையாடியவள்தான். நான் உரசித் தேய்த்த சில்லுகளில் எத்தனை மூவாயிரம் வருடத்துச் சில்லோ!

தொல்லியல்காரர்கள் ஓர் இடத்தைத் தோண்டினால் மிக அதிகமாகக் கிடைப்பது இந்த ஓடுதான். தங்கம் உடைந்தால் உருக்கி வேறு நகை செய்வார்கள். செம்பும் இரும்பும் அப்படித்தான். மரத்தையும் துணியையும் கறையான் தின்றுவிடும். பானை உடைந்தால் கொல்லையில் வீசுவார்கள், அவ்வளவுதான். சூளையில் நன்றாக வெந்த களிமண் மறுபடி குழைந்து சேறாகாது. மக்காது, துருப்பிடிக்காது, திருடவும் ஆள் வராது. அது போக, பானை இல்லாத வீடே அன்றைக்குக் கிடையாது. கல்வெட்டு அரசனைப் பற்றிச் சொல்லும். ஓடு உலை வைத்தவளைப் பற்றிச் சொல்லும். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

சரி, ஒரு ஓட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். தாமிரபரணிக் கரையில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் வகையாகவே இருக்கட்டும்: உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. இதைக் கறுப்பு-சிவப்பு மட்கலன் என்பார்கள். இரண்டு வண்ணம் பூசியதுபோலத் தெரியும். உண்மையில் இரண்டு நிறமும் ஒரே மண்ணிலிருந்து வந்தவை. களிமண்ணில் இரும்புச் சத்து உண்டு. சுடும்போது காற்றுப் பட்டால் அந்த இரும்பு, துருப்பிடித்த ஆணியைப்போலச் சிவக்கும். காற்றுப் போகாமல் புகைக்குள் வெந்தால் மண் கறுத்துவிடும். அந்தக் காலக் குயவர்கள் பானைக்குள் இலைதழை, வைக்கோல் மாதிரி எதையாவது வைத்து, வாயைக் கீழே கவிழ்த்துச் சூளையில் அடுக்கினார்கள். உள்ளே காற்று புகவில்லை, கறுத்தது. வெளியே தீயும் காற்றும் பட்டன, சிவந்தது. விரல் நகமளவு துண்டு கிடைத்தாலும், அந்தப் பானை சூளையில் எப்படிக் கவிழ்ந்து கிடந்தது என்று சொல்லிவிடலாம். ஆதிச்சநல்லூர், சிவகளைப் பக்கம் இந்த வகையிலேயே வெள்ளைக் கோடும் புள்ளியும் வரைந்த ஓடுகளும் கிடைக்கின்றன. சமையல் பாத்திரத்தையும் அழகு பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

இப்போது ஓட்டின் உடைந்த பக்கத்தைப் பாருங்கள். ரொட்டியைப் பிட்டால் உள்ளே தெரிவதுபோல அங்கேதான் மண் தெரியும். மணல் கலந்து சொரசொரப்பாக இருந்தால் அது பெரும்பாலும் அடுப்பில் ஏறிய சட்டி. மணல் சேர்த்த மண்தான் சூட்டில் விரிந்து சுருங்கினாலும் கீறல் விடாமல் தாங்கும். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் காருகுறிச்சியில் இன்றைக்கும் பொங்கல் பானை செய்கிறார்கள். களிமண்ணில் மணலை மிதித்துக் குழைப்பதைப் பார்த்தால் இது உடனே புரிந்துவிடும். மண் வழவழப்பாக, ஓடு மெல்லியதாக இருந்தால் சாப்பிடும் வட்டில், குடிக்கும் கிண்ணம் என்று யோசிக்கலாம்.

உள்பக்கம் விரலால் தடவினால் சுற்றிச் சுற்றி மெல்லிய வரிகள் தட்டுப்படும். அவை சக்கரம் சுழன்றபோது குயவர் விரல் பதிந்த தடம். வரி இல்லாமல் குழி குழியாக இருந்தால், உள்ளே ஒரு கல்லைத் தாங்கி வெளியே பலகையால் தட்டி வளர்த்த பானை. சில ஓடுகளில் பெருவிரல் ரேகைகூட நிற்கும். அருங்காட்சியகத்தில் தங்க நெற்றிப்பட்டத்துக்கு முன்னால் நிற்பதைவிட அந்த விரல் தடத்துக்கு முன்னால் எனக்கு அதிக நேரம் ஆகும்.

வாய் விளிம்புத் துண்டு கிடைத்தால் ஆய்வாளருக்குக் கொண்டாட்டம். வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த தாளில் அதன் வளைவைப் பொருத்தினால் முழுப் பானையின் வாய் எத்தனை சென்டிமீட்டர் என்று தெரிந்துவிடும். குறுகிய கழுத்து என்றால் தண்ணீர் சிந்தாமல் இருக்க வேண்டிய குடம். அகன்ற வாய் என்றால் அகப்பை போட்டுக் கிண்டும் பாத்திரம். அடி உருண்டையாக இருந்தால் அதை உட்கார வைக்க ஒரு மணை வேண்டும். நம் வீடுகளில் வைக்கோலிலோ துணியிலோ புரிமணை சுற்றி வைப்போம் இல்லையா, அதே வேலைக்கு அன்று மண்ணிலேயே வளையம் செய்தார்கள். அதுவும் அகழாய்வில் கிடைக்கிறது.

வடிவம் சொல்லாததை அழுக்கு சொல்லும். பதனி இறக்கும் கலயத்தை நினைத்துப் பாருங்கள். பதனி புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் பனையில் கட்டுவார்கள். இன்னும் ஆயிரம் வருடம் கழித்து உடன்குடிப் பக்கம் ஒருவர் தோண்டி, உள்ளே சுண்ணாம்புப் படிவோடு சின்னச் சின்னக் கலய ஓடுகளை எடுத்தால், எழுத்தே இல்லாமல் ஒரு தொழிலையே படித்துவிடலாம். பழைய பானையிலும் இப்படித்தான் பார்க்கிறார்கள். வெளி அடியில் கரி ஏறியிருந்தால் அடுப்பில் வைத்தது. உள்ளே தீய்ந்த படிவு இருந்தால் எதுவோ அடிப்பிடித்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத மிச்சமும் உண்டு. மீன்குழம்பு வைக்கும் சட்டியில் எந்த வீட்டிலாவது பால் காய்ச்சுவார்களா? எத்தனை தேய்த்தாலும் வாடை போகாது, ஏனென்றால் மண்ணின் நுண்துளைகளுக்குள் எண்ணெயும் கொழுப்பும் இறங்கிவிடுகின்றன. அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கும் தங்கும். ஆய்வகத்தில் ஓட்டைப் பொடியாக்கி, அந்தக் கொழுப்பைக் கரைத்துப் பிரித்து, இது பாலா, இறைச்சியா, மீனா, தாவர எண்ணெயா என்று வகை சொல்லுகிறார்கள். நம் அம்மாக்கள் மூக்கால் கண்டுபிடித்ததை இயந்திரம் எண்ணாகச் சொல்கிறது.

அப்புறம் பேர். சீர்வரிசைப் பாத்திரத்தை வாங்கியதும் கடையிலேயே பேர் வெட்டிக் கொடுப்பார்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் போனாலும் அண்டா சரியான வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலும் இதே வேலை நடந்திருக்கிறது. கூரான ஆணியால், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் பானையில் பேர் கீறினார்கள். மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் ஆதன், குவிரன் என்ற பேர்கள் வந்தன. நம் திருநெல்வேலி மாவட்டத்தில் வள்ளியூருக்குப் பக்கம், நம்பியாற்றங்கரைத் துலுக்கர்பட்டியில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் ‘புலி’ என்று எழுதிய ஓடு கிடைத்தது. எழுத்துக்கு முந்திய குறியீடுகள் கீறிய ஓடுகளும் அங்கே ஆயிரக்கணக்கில் வந்தன. மீன் மாதிரி, ஏணி மாதிரி, அம்பு மாதிரி இருக்கும் அந்தக் கோடுகளை இன்னும் யாரும் உறுதியாகப் படித்துவிடவில்லை.

கீறலிலும் ஒரு நுட்பம் உண்டு. பச்சை மண்ணில் கீறியிருந்தால் ஓரம் மழுங்கி, மண் சற்று ஒதுங்கி நிற்கும். அது சூளைக்குப் போகும் முன் குயவர் போட்டது. சுட்ட பிறகு கீறினால் கோட்டின் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கும். அது வாங்கியவர் போட்டது. நம் பானை ஓடுகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. அப்படியென்றால் எழுதத் தெரிந்தவர்கள் பானை வாங்கும் வீடுகளிலேயே இருந்திருக்கிறார்கள். சாதாரணச் சமையல்கட்டு வரை எழுத்து வந்து சேர்ந்ததற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

வணிகத்துக்கு வருவோம். பானையின் மண் பிறந்த ஊரை மறைக்காது. எகிப்தில் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்று ஒரு பழைய துறைமுகம். அங்கே கிடைத்த சுமார் 2000 ஆண்டுப் பழைய ஓடு ஒன்றில் தமிழி எழுத்தில் ‘பானை ஒறி’ என்று எழுதியிருக்கிறது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைக் கயிற்று உறியில் தொங்கவிடும் பானை என்று விளக்கினார். உறி! என் ஆச்சி வீட்டில் மோர்ப் பானை பூனைக்கு எட்டாமல் உத்தரத்திலிருந்து உறியில்தான் தொங்கும். அந்தச் சொல் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கடல் தாண்டிப் போய், பாலைவனக் கரையில் ஓர் ஓட்டில் கிடந்திருக்கிறது. அதே துறைமுகத்தில் கணன், சாதன் என்று தமிழ்ப் பேர் எழுதிய ஓடுகளும் கிடைத்தன.

அதற்குத் தெற்கே பெரெனிகே என்ற இன்னொரு துறைமுகத்தில், கோயில் முற்றத்தில் புதைந்திருந்த பெரிய இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. சாடி போனது மிளகுக்காக. ஆனால் அந்தத் துறைமுகங்களில் இந்தியாவில் செய்த சாதாரணச் சமையல் சட்டிகளும் கிடைத்திருக்கின்றன. யோசித்துப் பாருங்கள், கரிபிடித்த சோற்றுப் பானையைச் சரக்காக ஏற்றி யார் விற்பார்கள்? சாடி சரக்கோடு போகும், சமையல் சட்டி சமைக்கிறவரோடுதான் போகும். நம் நாட்டு ஆட்கள் அங்கே தங்கி, தங்கள் சட்டியில் தங்கள் சோற்றைப் பொங்கித் தின்றிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுவது இதனால்தான்.

எதிர்ப்பக்கமிருந்து வந்தது ஆம்போரா. இரண்டு காது, நீண்ட கழுத்து, கூம்பிய அடி. கப்பலின் அடித்தட்டில் நெருக்கி அடுக்க வாகான சாடி. திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீன் ஊறல் எல்லாம் இதில்தான் வந்தன. இத்தாலியில் வெசூவியஸ் எரிமலைப் பக்கம் செய்த ஆம்போராவின் உடைந்த பக்கத்தில் கறுப்புப் பொடி பளிச்சென்று தெரியும். எரிமலை மணல் அது. நம் ஆற்று வண்டலில் அந்தப் பொடி வராது. அதனால் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டிலோ வைகை முகத்துவாரத்து அழகன்குளத்திலோ அப்படி ஒரு துண்டு கிடைத்தால், அதை முடி இழையைவிட மெல்லிதாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்து, பிறந்த இடத்தைச் சொல்லிவிடலாம். யவனர், அதாவது கிரேக்க, ரோம நாட்டார், நல்ல கலத்தில் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகட்டும் என்று புறநானூற்றில் ஒரு வாழ்த்து வருகிறது. அந்தக் கலங்களின் உறவுக்காரத் துண்டுகளைத்தான் இப்போது அலமாரியில் எண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஓடு சொல்வதை நாம் தப்பாகக் கேட்டுவிடுவதும் உண்டு. 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது தட்டையான தட்டுகளின் துண்டுகள் நிறைய வந்தன. உள்ளே வட்டம் வட்டமாகச் சின்னஞ்சிறு புள்ளிக்கோடுகள், பளபளப்பான மேல்பூச்சு. ரூலெட்டட் என்று அதற்குப் பேர். இவ்வளவு நேர்த்தியான சரக்கு ரோம உலகத்திலிருந்துதான் வந்திருக்கும் என்று அவர் முடிவுசெய்தார். பல ஆண்டுகள் எல்லாரும் அப்படியே எழுதினார்கள். பிறகு அதே வகை ஓடு ரோம வணிகத்துக்கு முந்திய அடுக்குகளிலும் கிடைத்தது. இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கிடைத்தது. மண்ணின் கனிமங்களை எக்ஸ்ரே முறையில் சோதித்தபோது அவை வங்காளத்தின் கங்கை முகத்துவாரத்து மண்ணோடு ஒத்துப்போயின. மேற்கே போன கப்பல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிழக்குக் கரையோரமாக ஒரு பெரிய உள்நாட்டு வணிகம் ஓடியது அப்போதுதான் உறைத்தது. அழகாக இருந்தால் அந்நியச் சரக்கு என்று நினைக்கும் பழக்கம் நமக்கு மட்டுமில்லை, அறிஞர்களுக்கும் இருந்திருக்கிறது.

நம் ஊர்த் துறைமுகம் கொற்கை. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் ஒதுங்கி, இன்று கொற்கை கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. பாண்டியரின் முத்துத்துறை. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் கொல்கை என்று அதன் பேர் வருகிறது. முத்துக் குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்றும் அதில் உண்டு. 1968-69இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்த கரித்துண்டு கி.மு. 785 என்று காலம் காட்டியது. அண்மை அகழாய்வில் கங்கைச் சமவெளிக்கே உரிய பளபளக்கும் கறுப்பு ஓடுகளும் அங்கே வந்தன. கப்பலோ மாட்டுவண்டியோ, இரண்டுமோ, வடக்கேயிருந்து இந்தக் கரை வரை வந்து போயிருக்கின்றன.

பானையைப் பற்றிப் பேசிவிட்டு, இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய பானையான தாழியைச் சொல்லாமல் விட முடியாது. கொற்கையிலிருந்து ஆற்றின் மேல்நோக்கி வந்தால் ஆதிச்சநல்லூர். 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை திருநெல்வேலி மாவட்டம்தான். 114 ஏக்கர் பரம்பு முழுக்க இறந்தவர்களுக்கான இடம். விளையும் நஞ்சையைத் தொடாமல், ஏர் இறங்காத பாறை மேட்டைக் குடைந்து தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டி, எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டு போனார். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொல்லியலாளர் அலெக்சாந்தர் ரீ தோண்டினார். 2004-இல் இந்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது ஒரு சிறு பரப்பிலேயே நூற்றறுபதுக்கும் மேற்பட்ட தாழிகள் வந்தன.

தாழி சக்கரத்தில் அடங்காது. பகுதி பகுதியாக ஏற்றி, தட்டித் தட்டிக் கட்ட வேண்டும். கணவனை இழந்த ஒருத்தி குயவரைப் பார்த்து, நானும் கூட வந்தவள், எனக்கும் சேர்த்து இந்தத் தாழியைக் கொஞ்சம் அகலமாக வனைந்து கொடு என்று கேட்கும் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது, 256-ஆவது. ஆதிச்சநல்லூர் தாழி ஒன்றின் விளிம்பை நேரில் பார்த்த பிறகு அந்தப் பாட்டை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை.

2004-இல் அங்கே வந்த ஓர் ஓட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மண்ணை உருட்டி ஒட்டிப் புடைப்பாகச் செய்த காட்சி. ஒல்லியாக நெடிய ஒரு பெண், பக்கத்தில் ஒரு செடி, கொக்கு, மான், முதலை. ஆற்றங்கரையை அப்படியே கையளவு மண்ணில் வைத்துவிட்டார்கள். கொக்கு இன்னும் தாமிரபரணி வயல்களில் நிற்கிறது. சிவகளையில் ஒரு தாழிக்குள் நெல் கிடைத்தது. அமெரிக்க ஆய்வகத்தில் கரிமக் கணிப்புச் செய்து கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். போகிறவருக்கு அரிசி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வாய்க்கரிசி போட்ட கைக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனையும் ஓடு சொல்லும், ஒரு நிபந்தனையோடு. அது கிடந்த இடத்திலேயே இருக்க வேண்டும். எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்பதில்தான் பாதிச் செய்தி. மேலே கிடக்கும் அடுக்கு பிந்தியது, கீழே போகப் போக முந்தியது. ஓட்டுக்குப் பக்கத்துக் கரித்துண்டுதான் ஓட்டின் வயதைச் சொல்கிறது.

எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு குளத்துக்கரை மேட்டில் கோடு கீறிய ஓட்டாஞ்சில்லு ஒன்று எனக்குக் கிடைத்தது. ஆசைப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பல வருடம் கழித்து, படித்தவர் ஒருவரிடம் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “எங்கேம்மா கிடந்தது?” அந்தப் பக்கம் எத்தனை குளம், எத்தனை மேடு! என்னால் சொல்ல முடியவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாக என் கையிலேயே வைத்தார்.

இப்போது உங்கள் ஊரில் வீட்டுக்குக் கடக்கால் தோண்டும்போதோ குளம் தூர்வாரும்போதோ இப்படி ஏதாவது தென்பட்டால், பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து, அளவு தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுங்கள். எந்த ஊர், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ மாவட்டத் தொல்லியல் அலுவலகத்திலோ சொல்லுங்கள். ஓட்டை நகர்த்த வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் எடுப்பதைச் சட்டமே தடுக்கிறது. ஆதிச்சநல்லூரில் இப்போது தோண்டிய குழியின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் நின்று குனிந்தால் தாழிகள் கிடந்த இடத்திலேயே, கிடந்தபடியே தெரியும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவசரப்படுத்தாமல் கொஞ்ச நேரம் அங்கே நிற்க விடுங்கள்.

என் சில்லு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டது. விளிம்பை வைத்து அளந்தால் ஒரு கையில் ஏந்திக் கஞ்சி குடிக்கிற கிண்ணத்தின் அளவு. கோட்டின் ஓரம் பெயர்ந்திருக்கிறது, எனவே வீட்டுக்காரர்தான் கீறியிருக்கிறார். மூன்று கோடு, நடுவே ஒரு வளைவு. எந்த ஊர்க்காரர் என்று மட்டும் தெரியாது.